எந்தப் படி மெதுவானது?

1965 டிசம்பரில் 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசிக்ஸ்' என்ற அமெரிக்க ஆய்விதழில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. சூடான உலையில் வைத்த சிலிக்கன் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் எந்த வேகத்தில் வளரும் என்பதுதான் அதன் பொருள். எழுதியவர்கள் புரூஸ் டீல், ஆண்ட்ரூ குரோவ் என்ற இருவர். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். டீல் வேதியியலர். குரோவுக்கு அப்போது 29 வயது. கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் பட்டத்துக்காக அவர் செய்தது திரவ ஓட்டம் பற்றிய ஆய்வு. குறைக்கடத்திக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் டீல்–குரோவ் சமன்பாட்டைத் தொடாமல் இன்று எவரும் சிப் தயாரிப்புப் பாடத்தைத் தாண்ட முடியாது. பின்னாளில் இன்டெல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் புகழ்பெற்ற குரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நிர்வாகத் திறமையோடு நின்றுவிடுகிறார்கள். அவர் ஆய்வகத்தில் கழித்த முதல் ஐந்து ஆண்டுகள்தான் அதைவிடச் சுவையானவை என்று எனக்குத் தோன்றுகிறது. என் கட்சி இது: அந்தக் கட்டுரை இயற்பியல் இதழில் வந்தாலும் அதன் எலும்புக்கூடு கெமிக்கல் இன்ஜினியரிங் வகுப்பறையைச் சேர்ந்தது. அந்தக் கல்வி அவருக்குக் கொடுத்தது கணக்குப் பார்க்கும் ஒரு முறை. அதனால்தான் முன்பின் தெரியாத தொழிலுக்குள் நுழைந்த சில ஆண்டுகளிலேயே அவரால் அடிப்படையான வேலையைச் செய்ய முடிந்தது.

கெமிக்கல் இன்ஜினியர் என்றால் உரத் தொழிற்சாலையிலோ சுத்திகரிப்பு ஆலையிலோ இருப்பவர் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. இந்தத் துறையின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. 1888இல் எம்.ஐ.டி.யில் முதன்முதலாக இந்தப் பாடத்திட்டம் தொடங்கியபோது அது இயந்திரப் பொறியியலும் தொழில்துறை வேதியியலும் கலந்த கலவை. சோடா எப்படிச் செய்வது, சாயம் எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு செய்முறை. 1915இல் ஆர்தர் டி. லிட்டில் என்பவர் இதை மாற்றிப் பார்க்கச் சொன்னார்: தொழில்கள் நூறு இருக்கலாம், ஆனால் அவற்றுக்குள் நடப்பவை காய்ச்சி வடித்தல், வடிகட்டுதல், ஆவியாக்குதல், உலர்த்துதல் போன்ற சில செயல்களே, அவற்றைப் படித்தால் போதும். 1923இல் வாக்கர், லூயிஸ், மக்ஆடம்ஸ் மூவரும் எழுதிய பாடநூல் இந்தப் பார்வையை வகுப்பறையில் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டே லூயிஸும் விட்மனும் இன்னொரு படி கீழே இறங்கினார்கள். ஒரு வாயு திரவத்தில் கரையும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தின் இருபுறமும் மெல்லிய படலம் ஒவ்வொன்று இருப்பதாக வைத்துக்கொள். ஒவ்வொரு படலமும் வாயுவின் நடையைத் தடுக்கும். இரண்டு தடைகளையும் கூட்டு. பெரியது எது என்று பார். அம்மோனியா தண்ணீரில் எளிதாகக் கரைவதால் அதற்கு வாயுப் பக்கத் தடையே பெரியது. ஆக்சிஜன் அரிதாகவே கரைவதால் அதற்குத் திரவப் பக்கத் தடை பெரியது. ஆகவே ஆக்சிஜனை வேகமாகக் கரைக்க வேண்டுமானால் காற்றை வேகப்படுத்திப் பயனில்லை, தண்ணீரைக் கலக்க வேண்டும். 1960இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் எழுதிய நூலில் இந்தச் சிந்தனை முழு வடிவம் பெற்றது. உந்தம், வெப்பம், பொருள் மூன்றும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதை ஒரே கணித மொழியில் சொன்ன நூல் அது. சோடாவும் சாயமும் பாடத்தின் மையத்திலிருந்து விலகிவிட்டன.

குரோவ் இளநிலைப் பட்டம் பெற்றதும் அதே 1960இல்தான். புடாபெஸ்டில் ஆந்த்ராஷ் க்ரோஃப் என்ற பெயரில் பிறந்தவர். 1956 ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்டபின் நாட்டை விட்டு வெளியேறி, 1957 ஜனவரியில் அமெரிக்கா வந்துசேர்ந்தார். சிறுவயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலால் காது சரியாகக் கேட்காமல் போயிருந்தது. அப்போது கல்விக் கட்டணம் வாங்காத நியூயார்க் சிட்டி காலேஜில் சேர்ந்து முதல் மாணவராகத் தேறினார். அதன்பின் பெர்க்லியில், திரவ இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற ஆண்ட்ரியாஸ் அக்ரிவோஸிடம் முனைவர் ஆய்வு. ஓடும் திரவத்தின் குறுக்கே ஓர் உருளையை வைத்தால் அதன் பின்புறம் திரவம் பிரிந்து சுழலும். வேகம் கூடினால் அந்தச் சுழல் நிலைகுலைந்து அலையத் தொடங்கும். குரோவும் உடன் ஆய்வாளர்களும் செயற்கையான வழியில் அதை அலையவிடாமல் நிறுத்தி, ஓட்டத்தின் வேகத்தோடு ஏறும் ரெனால்ட்ஸ் எண்ணில் அதுவரை எவரும் எட்டாத அளவு வரை அளந்தார்கள். சுழலின் நீளம் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு நேர்விகிதத்தில் நீண்டுகொண்டே போனது. உருளையின் பின்புற அழுத்தக் கெழுவோ அந்த எண் 25 முதல் 177 வரை ஏறியபோதும் மாறவே இல்லை. எதிர்பாராத முடிவு என்று அவர்களே எழுதினார்கள். இந்தச் செய்திக்காக எந்தத் தொழிற்சாலையும் காத்திருக்கவில்லை. தொழில்துறைக்குப் பயன்படும் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பவர்கள் இதைப் பார்த்தால் பொதுப்பணத்தின் விரயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த மாணவர் அங்கே பழகியதைக் கவனியுங்கள். பல காரணிகள் ஒன்றாகக் கலந்திருக்கும் நிகழ்வில் எவை முக்கியம், எவற்றைத் தள்ளிவிடலாம் என்று எடைபோடுவது. நினைத்த ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறாதபடி சோதனையைக் கட்டிப்போடுவது. கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மறைக்காமல் எழுதுவது. 1963இல் அவர் ஃபேர்சைல்டில் சேர்ந்தபோது கையில் கொண்டுவந்தவை இவைதான்.

அங்கே காத்திருந்த சிக்கல் ஆக்சைடு. சிலிக்கனைச் சூடாக்கி ஆக்சிஜனிலோ நீராவியிலோ வைத்தால் அதன் மேற்பரப்பு சிலிக்கன் டை ஆக்சைடாக, அதாவது ஒருவகைக் கண்ணாடியாக மாறும். 1959இல் ஃபேர்சைல்டின் ஜான் ஹோர்னி கண்டுபிடித்த பிளேனர் முறையில் இந்தக் கண்ணாடிப் படலமே டிரான்சிஸ்டரின் காப்பு. அதே காலத்தில் பெல் ஆய்வகத்தின் அட்டல்லாவும் காங்கும் செய்துகாட்டிய மாஸ் டிரான்சிஸ்டரில் அது காப்பாக மட்டும் இல்லாமல் கருவியின் உறுப்பாகவே ஆகிவிட்டது. படலத்தின் தடிமன் மாறினால் கருவியின் மின்னழுத்தமும் மாறும். ஆகவே எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில், எந்த வாயுவில் வைத்தால் எவ்வளவு தடிமன் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தாக வேண்டும். டீலும் குரோவும் வேதிவினையின் நுணுக்கங்களுக்குள் புகவில்லை. ஆக்சிஜனின் பயணத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். உலையிலுள்ள வாயுவிலிருந்து படலத்தின் வெளிப்பரப்புக்கு வருவது முதல் படி. ஏற்கெனவே வளர்ந்த படலத்துக்குள் விரவி உள்ளே போவது இரண்டாவது. அடியில் இருக்கும் சிலிக்கனோடு வினைபுரிவது மூன்றாவது. நடுவில் எங்கும் ஆக்சிஜன் குவியவில்லை என்றால் மூன்று படிகளையும் கடக்கும் அளவு சமமாக இருக்க வேண்டும். ரேஷன் கடையில் பில் போடுபவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், எடை போடுபவர் மெதுவானவர் என்றால் வரிசை அவருடைய வேகத்தில்தான் நகரும். இங்கேயும் அதுதான் கணக்கு. லூயிஸும் விட்மனும் 1924இல் இரண்டு தடைகளை அடுக்கினார்கள். இங்கே மூன்று, அவற்றில் நடுவில் உள்ளது மட்டும் நேரம் போகப் போகத் தடித்துக்கொண்டே போகிறது. இதைத் தீர்த்தால் கிடைக்கும் விடை எளிமையானது: தடிமனின் வர்க்கத்தோடு தடிமனின் ஒரு நிலையான மடங்கைக் கூட்டினால் வருவது நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். படலம் மெல்லியதாக இருக்கும் தொடக்கத்தில் வினைதான் மெதுவான படி. தடிமன் நேரத்தோடு சீராக ஏறும். படலம் தடித்தபின் விரவல்தான் மெதுவான படி. தடிமனை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் பிடிக்கும்.

சமன்பாடு எளியது என்பதால் அதன் சாமர்த்தியத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. 700 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை எடுத்த அளவீடுகள் அதில் பொருந்தின. அவர்கள் கொடுத்த மாறிலிகளைக் கொண்டு இன்றும் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1000 டிகிரியில் ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் வளர்க்க உலர்ந்த ஆக்சிஜனில் ஏறக்குறைய 100 மணி நேரம் ஆகும்; நீராவியில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கண்ணாடிக்குள் விரவும் வேகத்தில் நீர் ஆக்சிஜனைவிடப் பின்தங்கியதுதான். ஆனால் கண்ணாடியில் நீர் கரையும் அளவு ஆக்சிஜன் கரையும் அளவைப்போலச் சுமார் 600 மடங்கு. வேகத்தில் இழந்ததை எண்ணிக்கையில் ஈடுகட்டிவிடுகிறது. இன்னொரு சான்று வெப்பநிலையிலிருந்து கிடைத்தது. தடித்த படல நிலையில், உலர்ந்த ஆக்சிஜனுக்குரிய மாறிலி வெப்பத்தோடு மாறும் விதத்திலிருந்து கிடைத்த ஆற்றல் மோலுக்குச் சுமார் 28 கிலோகலோரி. உருக்கிய சிலிக்காவில் ஆக்சிஜன் விரவுவதற்குத் தனியாக அளக்கப்பட்டிருந்த ஆற்றலும் கிட்டத்தட்ட அதுவே. மெல்லிய படல நிலையில் கிடைத்த சுமார் 46 கிலோகலோரி, சிலிக்கன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை முறிக்கத் தேவையான ஆற்றலுக்கு அருகில் இருந்தது. இரண்டு வரம்புகளுக்கும் இரண்டு வேறு இயற்பியல் காரணங்கள் இருப்பதை எண்களே சொல்லிவிட்டன. முதல் படியான வாயுப் பயணம் கணக்கில் பொருட்டாகவே இல்லை என்பதும் தெரிந்தது. உலையில் வாயுவைக் கூடுதலாக ஓடவிட்டால் படலம் வேகமாக வளராது. எந்தக் குமிழைத் திருகிப் பயனில்லை என்று சொல்லத் தெரிவது உற்பத்திக் கூடத்தில் மிகப் பெரிய உதவி. இதைப் பாடநூல்கள் போதிய அளவு பாராட்டுவதில்லை.

அதே காலத்தில் குரோவ் கை வைத்த மற்ற சிக்கல்களிலும் இதே கணக்கு முறை தெரிகிறது. ஆக்சைடு வளரும்போது சிலிக்கனைத் தின்றுகொண்டே வளர்கிறது. படலத்தின் தடிமனில் 44 சதவீதத்துக்குச் சமமான சிலிக்கன் கரைந்துபோகிறது. அந்தச் சிலிக்கனுக்குள் ஏற்கெனவே சேர்த்திருந்த போரானும் பாஸ்பரஸும் என்ன ஆகின்றன? 1964இல் சக ஆய்வாளர்களான லெய்ஸ்டிகோ, சா ஆகியோருடன் சேர்ந்து குரோவ் எழுதிய கட்டுரை, நகரும் எல்லையின் இருபுறமும் பொருள் கணக்குப் போட்டு விடை சொன்னது: போரான் ஆக்சைடுக்குள் இழுக்கப்பட்டு மேற்பரப்பில் குறைகிறது, பாஸ்பரஸ் தள்ளப்பட்டுச் சிலிக்கனிலேயே குவிகிறது. அடுத்தது சோடியம். அந்நாளைய மாஸ் கருவிகளைச் சூட்டிலும் மின்னழுத்தத்திலும் சிறிது நேரம் வைத்தால் அவற்றின் இயங்கு மின்னழுத்தம் இடம்பெயர்ந்துவிடும். அந்தக் கருவிகளை நம்பி எதையும் விற்க முடியாத நிலை. ஸ்னோ, குரோவ், டீல், சா நால்வரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, ஆக்சைடுக்குள் நகரும் சோடியம் அயனிகளே குற்றவாளி என்று காட்டியது. எவ்வளவு சோடியம் இருந்தால் கேடு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். பத்தில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி அயனிகள் இருந்தால் மின்னழுத்தம் நான்கு வோல்ட்டுக்கும் மேல் நகர்ந்துவிடும். எண் பெரிதாகத் தெரிகிறதே தவிர, மேற்பரப்பிலுள்ள சிலிக்கன் அணுக்களோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான். உப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. மனிதத் தோலிலும் இருக்கிறது. எது உள்ளே வருகிறது, எங்கே தங்குகிறது, எது அதை நகர்த்துகிறது என்ற பழைய கேள்விகளே இங்கும் வேலை செய்தன.

என் கட்சிக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உலோகங்கள் துருப்பிடிப்பதை ஆராய்ந்தவர்கள் இந்த வகை விதிகளை 1920களிலேயே எழுதிவிட்டார்கள். தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பது அவர்களில் ஒருவரான டாம்மன் காலத்துச் செய்தி. அப்படியிருக்க இதைக் கெமிக்கல் இன்ஜினியரிங்கின் கணக்கில் எப்படி எழுதலாம்? நியாயமான கேள்வி. கணித வடிவத்துக்கு எந்தத் துறையும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. நான் உரிமை கொண்டாடுவது கண்டுபிடிப்பின் முதன்மையை அல்ல. துருவை ஆராய்ந்தவர் தம் வாழ்நாள் ஆய்வின் நடுவே அந்த விதியைச் சென்றடைந்தார். கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவரோ தடைகளை அடுக்கிப் பார்ப்பதை இளநிலையிலேயே பயிற்சிக் கணக்காகச் செய்கிறார். வெப்பப் பரிமாற்றத்தில் ஒருமுறை, வாயு உறிஞ்சலில் ஒருமுறை, வினையூக்கித் துகளில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் செய்கிறார். புதிய இடத்தில் அதே வடிவம் வேறு வேடத்தில் வரும்போது அடையாளம் காணும் கண் அப்படித்தான் பழகுகிறது.

குரோவ் விதிவிலக்கான அறிவாளி, அவரை வைத்து ஒரு கல்விமுறையை அளக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அவர்களுக்காக இன்னொருவரைப் பார்க்கலாம். மார்கரெட் ஹட்சின்சன் 1937இல் எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இந்தத் துறையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். அவருடைய ஆய்வேட்டின் பொருள், வாயு உறிஞ்சலில் திரவப் படலத்தின் தடை. லூயிஸ்–விட்மன் கொள்கையின் ஒரு மூலை, அவ்வளவுதான். பாஸ்டனிலிருந்த பேட்ஜர் என்ற பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெரும் தொட்டிகளில் தயாரிக்கும் ஆலையின் வடிவமைப்பில் ஈடுபட்டார். பூஞ்சை மூச்சுவிட வேண்டும். தட்டையான பாத்திரங்களில் மேற்பரப்பிலேயே வளரும்வரை காற்று தானாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான காலன் திரவத்துக்குள் மூழ்கி வளரும்போது ஆக்சிஜன் கரைந்துதான் வந்தாக வேண்டும். அங்கே தடை திரவப் பக்கத்தில். ஆகவே கிருமி நீக்கிய காற்றைச் சிறு குமிழிகளாக அடியிலிருந்து செலுத்த வேண்டும், கூடவே விடாமல் கலக்க வேண்டும். ஆய்வேடு எழுதியபோது பெனிசிலின் என்ற தொழிலே கிடையாது. 1980இல் பிளாஸ்மா செதுக்கு இயந்திரங்களுக்காக லாம் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் லாமும் எம்.ஐ.டி.யில் இதே துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டு மூன்று பெயர்கள் எதையும் நிரூபித்துவிடாது என்பது எனக்குத் தெரியும். தோற்றுப்போனவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. நான் சான்றாக வைப்பது அவர்களுடைய வெற்றியை அல்ல. குரோவும் ஹட்சின்சனும் செய்த வேலைகளின் உள்ளமைப்பும் அவர்கள் படித்த பாடத்தின் உள்ளமைப்பும் ஒன்றாக இருப்பதை.

கல்வி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டீலின் கவனமான அளவீடுகள் இல்லாமல் அந்தச் சமன்பாடு வெறும் தாளில் கிடந்திருக்கும். ஸ்னோ இயற்பியலர்; சா குறைக்கடத்தி இயற்பியலில் பெயர் பெற்றவர்; ஆய்வுக்கூடத்தின் தலைவர் கார்டன் மூர் வேதியியலில் பட்டம் பெற்றவர். பல துறைக்காரர்களை ஒரே தாழ்வாரத்தில் உட்காரவைத்து, கண்டதை வெளியிடவும் விட்ட ஆய்வகம் அது. திண்மப் பொருட்களின் இயற்பியலைக் குரோவ் வேலையில் சேர்ந்தபின் கற்றுத் தேற வேண்டியிருந்தது. தேறியதற்கு அத்தாட்சி 1967இல் அவர் வெளியிட்ட 'குறைக்கடத்திக் கருவிகளின் இயற்பியலும் தொழில்நுட்பமும்' என்ற பாடநூல். அதன் அத்தியாய வரிசையைப் பாருங்கள். எலக்ட்ரான்களைப் பற்றி நான்காவது அத்தியாயத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. முதல் மூன்று: வாயுவிலிருந்து படிகம் வளர்த்தல், வெப்ப ஆக்சிஜனேற்றம், திண்மத்தில் விரவல். மூன்றும் பொருள் நகர்வுக் கணக்குகள். இயற்பியலராகப் பயின்ற ஒருவர் அந்த நூலை இப்படித் தொடங்கியிருப்பாரா என்பது ஐயம்தான்.

கடைசியாக, சமன்பாடே முழுச் சரியல்ல என்ற குறை. உண்மை. உலர்ந்த ஆக்சிஜனில் முதல் 20, 30 நானோமீட்டர் வரை படலம் சமன்பாடு சொல்வதைவிட வேகமாக வளர்கிறது. டீலுக்கும் குரோவுக்கும் இது தெரியும். நேரக் கணக்கின் தொடக்கப் புள்ளியைச் சற்று நகர்த்தி, அந்தப் பகுதி தங்கள் விளக்கத்துக்கு வெளியே நிற்பதாக விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் கருவிகளின் ஆக்சைடு அதைவிடப் பலமடங்கு தடித்தது என்பதால் இழப்பில்லை. கருவிகள் சுருங்கச் சுருங்க, விட்டுவைத்த அந்த ஓரமே தொழிலின் நடுவிடமாகிவிட்டது. 1980களில் அதற்குப் பல விளக்கங்கள் போட்டியிட்டன. 1985இல் மசூத், பிளம்மர், ஐரீன் ஆகியோர் முன்வைத்த திருத்தம், டீல்–குரோவ் வளர்ச்சி வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தடிமன் கூடும்போது தேய்ந்து மறையும் ஓர் உறுப்பை அதனோடு சேர்த்தது. படலம் சில பத்து நானோமீட்டரைத் தாண்டியதும் சேர்த்த உறுப்பு காணாமல் போகும். மிச்சமிருப்பது 1965இன் சமன்பாடு.